பரிசோதனை மட்டுமே

"குரல் நடுங்கக் கூடாது, நேசம்மா. போன கிழமை வாசிச்ச மாதிரியே வாசியும்," என்றார் நிலையப் பொறுப்பாளர் துரைராஜா.

யாழ்ப்பாணத்தின் அந்தச் சின்ன வானொலி நிலையத்தில் விமானத் தாக்குதல் எச்சரிக்கையை வாரந்தோறும் பரிசோதித்துப் பார்ப்பார்கள். அறிவிப்பாளர் நேசம்மாவுக்கு அது மனப்பாடம். ஆனாலும் இன்று தாளைக் கையில் எடுத்துக்கொண்டாள். அவளுடைய அம்மா சந்தையில் நின்றாள்.

"சனம் கேக்குமோ, அண்ணை?"

"போன கிழமை கேட்டதுகள்தானே. வாசியும்."

அவள் ஒலிவாங்கியைத் திறந்தாள்.

"நேயர்களே, இது பரிசோதனை மட்டுமே. பதற்றப்பட வேண்டாம். சந்தையில் நிற்பவர்கள் குழந்தைகளையும் முதியவர்களையும் முன்னால் விட்டு, வரிசையாகப் பதுங்குகுழிக்குள் இறங்குங்கள்."

திரும்பத் திரும்ப வாசித்தாள். ஒலிவாங்கியை அணைத்ததும் துரைராஜா அவளை இழுத்துக்கொண்டு மேசைக்கடியில் புகுந்தார். விமானத்தின் இரைச்சல் கூரையை உலுக்கியது. சந்தைப் பக்கம் குண்டுகள் வெடித்தன.

போன மாதம் விமானம் வந்தபோது உண்மையை உண்மையென்றே வாசித்தார்கள். பயந்தடித்து ஓடிய சனம் பதுங்குகுழி வாசலில் நெரிந்தது. அதில் நேசம்மாவின் தங்கை செத்துப்போனாள். விமானமோ அன்று குண்டே போடாமல் திரும்பிவிட்டது. அதனால்தான், விமானம் வரும் செய்தி கிடைத்தும், இன்று இந்தப் பொய்.

சற்று நேரத்தில் அம்மா மண் அப்பிய சேலையோடு வந்து நின்றாள்.

"ஆறுதலா இறங்கினபடியால் எல்லாரும் தப்பீட்டம், பிள்ளை."

அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுத நேசம்மா, துரைராஜாவிடம் திரும்பினாள்.

"அடுத்த கிழமை உண்மையாவே பரிசோதனை வருமே, அண்ணை. அதை என்னெண்டு சொல்லி வாசிக்கிறது?"