வேர்வை படாத போர்வை

பனி கொட்டும் ஆற்றங்கரையில் பிரெஞ்சுக்காரர்களின் மரக்கோட்டை ஒன்று இருந்தது. பீவர் என்ற விலங்கின் ரோமத்தைக் கொடுத்தால் அங்கே செம்புப் பானை தருவார்கள். ஒரு வேட்டைக்காரர் தம்மிடமிருந்த இரண்டு பீவர் போர்வைகளையும் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

புதுப் போர்வைக்குத் தலைகால் புரியவில்லை. தன் பளபளப்புக்குப் பானை என்ன, கோட்டையையே எழுதித் தரலாம் என்று அதற்கு நினைப்பு. "அண்ணே, கொஞ்சம் தள்ளியே இருங்க. உங்க வேர்வை நாத்தம் என்மேல ஒட்டிக்கும்," என்றது.

இரண்டு குளிர்காலம் வேட்டைக்காரரின் முதுகோடு கிடந்து பிசுக்கேறிப்போன பழைய போர்வை, "சரி தம்பி," என்று ஒதுங்கிக்கொண்டது.

கோட்டைத் துரை புதியதைத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பழையதைக் கன்னத்தில் வைத்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"போர்த்திப் போர்த்தி முரட்டு முடியெல்லாம் உதிர்ந்து பஞ்சாயிருக்கு! தொப்பி செய்ய இதுதான் வேணும். பானையை எடுத்துக்கோங்க. அந்தப் புதுசை நல்லாப் போர்த்திட்டு அப்புறமாக் கொண்டாங்க!"

திரும்பும் வழியில் புதுப் போர்வை வேட்டைக்காரரின் முதுகை இறுக்கிக் கட்டிக்கொண்டது.

"ஐயா, பானை ரொம்பக் கனமோ? வேர்த்தா யோசிக்காதீங்க, என்மேலேயே துடைச்சுக்குங்க!"