பதினான்கு லட்ச வருமானம்

வெல்டிங் பட்டறையின் ஷட்டரை உள்ளிருந்து இழுத்துச் சாத்திய முகமூடிக்காரன், இரும்புக் குழாயால் ரகுநாத்தின் முழங்காலில் ஓங்கி அடித்தான்.

“பணத்தை எங்கடா வச்சிருக்க?”

“பட்டறையில ஏதுண்ணே பணம்?”

முகமூடிக்காரன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை உருவி நீட்டினான். ரகுநாத்தின் வருமான வரிக் கணக்கு.

“போன வருசம் பதினாலு லட்சம் சம்பாதிச்சதா எழுதியிருக்க. வரியும் கட்டியிருக்க!”

அடுத்த அடியில் வாயெல்லாம் ரத்தமானது.

“பொய்க் கணக்குண்ணே! மூணு லட்சம் வந்தாலே பெருசு. பொண்ணு வீட்டுல காட்டுறதுக்காகக் கூட்டி எழுதுனேன். வட்டிக்கு வாங்கித்தான் வரியே கட்டுனேன். விட்ருங்க!”

முகமூடிக்காரன் குழாயைக் கீழே போட்டுவிட்டுச் செல்போனை எடுத்தான்.

“அக்கா, ஒம் மகளுக்கு இந்த மாப்பிள்ளை வேணாம். நல்லா விசாரிச்சுட்டேன்.”