படிப்பே போதும்

"அந்தப் படிப்ப வச்சு என்னத்த சம்பாதிக்கிறது?" என்று மருதமுத்துவைக் கேட்காத ஆள் அந்த இறப்பர் தோட்டத்தில் இல்லை. மகள் ஷாமிளா குற்றவியல் நீதியில் பட்டம் வாங்கி இரண்டு வருடமாக வீட்டில்தான் இருந்தாள்.

அப்போதுதான் குருவிட்டயிலிருந்து ஜீவராணி தன் மகனுக்குப் பெண் கேட்டு உறவுக்காரர்களோடு வந்தாள்.

"சீதனம் ஒண்ணும் வேணாங்க. புள்ள படிச்ச படிப்பே போதும்."

மருதமுத்து எதையும் மறைக்க விரும்பவில்லை. "அதுக்கு இன்னும் வேல கெடைக்கலீங்களே."

"எங்க வீட்டுக்கு வந்தா வேல இருக்குங்க."

"மாப்பிள்ள வரலீங்களா?"

"அவன அனுப்ப மாட்டேங்குறாங்க. பரிசம் போடப் பெரியவங்க நாம இருக்கோமே."

லீவு கிடைக்கவில்லை போலும் என்று மருதமுத்து நினைத்துக்கொண்டார். லயத்து வரிசைவீட்டுச் சனமே கூடி நிற்கத் தட்டு மாற்றினார்கள். அந்தப் படிப்புக்குக் கடைசியில் ஒரு மதிப்பு வந்துவிட்டதென்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஜீவராணி ஷாமிளாவின் தலையில் பூ வைத்தாள். "திங்கக்கெழம நேரா கோட்டுக்கு வந்துரு தாயி. லோயருக்குக் குடுத்தே எங்க நகையெல்லாம் போச்சு. இனி நீயே பேசி அவன ரிமாண்டுலருந்து வெளிய எடுத்துரு."

ஷாமிளா மெதுவாகச் சொன்னாள்.

"நான் லோயர் இல்லீங்க, அத்த. என்னால கோட்டுல பேச முடியாது. அது வேற படிப்பு."

ஜீவராணியின் முகம் கறுத்தது. பரிசத் தட்டோடு நின்ற மருதமுத்துவின் பக்கம் திரும்பி, லயத்துக்கே கேட்கும்படி கத்தினாள்:

"இவ்வளவு பெரிய விசயத்த மறைச்சுத்தானா பரிசம் வாங்குனீங்க?"