சீட் வந்த தூரம்

சாய்ந்து உட்கார்ந்தபடியே மிதிக்கிற சைக்கிளைப் பார்த்திருக்கிறீர்களா? கொக்கு அப்படி ஒன்று வைத்திருந்தது. அதன் நீளக் காலுக்காக, சீட் கடைசிவரை பின்னால் தள்ளியிருந்தது.

ஒருநாள் வாத்து மூச்சிரைக்க வந்தது. "கொக்கண்ணே, வண்டியக் குடுங்க! தூரத்து வயல்ல என் முட்டையெல்லாம் ஆறிப்போகுது!"

வாத்து ஏறிப் பார்த்தால், பெடலுக்குக் கால் எட்டவில்லை.

"கால் வளர்ந்ததும் வாங்கக்கா!" என்று சிரித்தது பெடல்.

"என் திருகைத் தளர்த்துங்கக்கா, நான் வர்றேன்" என்றது சீட்.

வாத்து அலகால் திருகியது. வாத்தைச் சுமந்தபடியே சீட், சைக்கிள் தண்டின் மேல் வழுக்கி வழுக்கி முன்னால் வந்தது. கொக்கே அசந்துபோனது. "என் சீட்டா இது!"

தண்டு முடிந்துவிட்டது. இன்னும் நாலு விரல் தூரம் மிச்சம்.

"பெடலு, நான் வர முடிஞ்சவரை வந்துட்டேன். உனக்கும்தான் திருகு இருக்கே, நீ கொஞ்சம் இந்தப் பக்கம் வாயேன்" என்று கேட்டது சீட்.