மடிக்கணினியில் யாரோ

"அம்மா... மறுபடியும் எரியுது!"

மகள் போட்ட சத்தத்தில் அம்மா அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடினாள்.

மகள் நாற்காலியை விட்டு எழுந்து சுவரோடு சுவராக ஒட்டி நின்றிருந்தாள். மேஜைமேல் லேப்டாப். அதன் கேமராவுக்குப் பக்கத்தில் கடுகளவு பச்சை வெளிச்சம்.

"நான் எதையும் தொடலைம்மா. படிச்சிட்டுதான் இருந்தேன். தானா எரியுது."

அம்மா பட்டென்று லேப்டாப்பை மூடினாள். மூடிய பிறகும் கையை எடுக்கப் பயமாக இருந்தது. மேலே அழுத்திக்கொண்டே நின்றாள்.

ஒரு வாரமாகவே வீட்டில் நிம்மதி இல்லை. போன வாரம் ஒரு நாள் மகள் கேட்டுக்கொண்டிருந்த பாட்டு பாதியில் நின்றது. மவுஸ் அம்பு தானாக நகர்ந்து போய்ப் பாட்டை மூடிவிட்டதாம். அதிலிருந்து பெண் குளியலறையில்தான் உடை மாற்றுகிறாள். ராத்திரி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் படுக்கிறாள். பரீட்சைக்குப் படிக்கிற பெண் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தால் எந்தத் தாய்தான் சும்மா இருப்பாள்?

யார் செய்கிறார்கள் என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. அந்த லேப்டாப்பை வெளி ஆள் தொட்டது ஒரே ஒரு தடவைதான். பரீட்சை வருகிறதே, படிக்கும்போது கண்டதும் குறுக்கே வர வேண்டாம் என்று தெருமுனை ரிப்பேர் கடையில் கொடுத்தார்கள். கடைக்காரன் நோட்டிஃபிகேஷன் எல்லாவற்றையும் நிறுத்தினான். விளையாட்டுகளைத் தூக்கினான். புதுப் பாஸ்வேர்டு வைத்தான். "இனிமே எவனும் உள்ளே வர முடியாதுக்கா, நல்லா பூட்டிட்டேன்" என்று போனில் பெருமை வேறு. வேலை முடிந்ததும் அப்பாதான் போய் வாங்கி வந்தார்.

பூட்டினவனே ஒரு சாவியை வைத்துக்கொண்டால்?

ஆபீஸில் இருந்த கணவருக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, அந்தக் கடைக்காரன்தாங்க. போய்க் கேட்டுட்டு வரேன்."

"சும்மா இரு. மெஷின்னா ஏதாவது எரியும், அணையும். இதுக்குப் போய் சண்டை போடுவியா? அவளைப் படிக்கச் சொல்லு."

"பெத்த பொண்ணு நடுங்கிட்டு நிக்கிறாளேங்க!"

"மீட்டிங் இருக்கு. வெக்கிறேன்."

'இந்த மனுஷனுக்கு எதுக்குத்தான் பதறுமோ' என்று பொருமிக்கொண்டே அடுப்பை அணைத்துவிட்டு, லேப்டாப்பையும் மகளையும் இழுத்துக்கொண்டு வண்டியில் கிளம்பினாள்.

கடையில் ரெண்டு பேர் காத்திருந்தார்கள். எப்போதும் 'தம்பி, தம்பி' என்று கூப்பிடுகிறவள் இன்றைக்கு மரியாதையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"ஏன்யா, உன் வீட்டுல பொம்பளைப் பிள்ளைங்க இல்ல?"

கடைக்காரர் ஸ்க்ரூ டிரைவரோடு நிமிர்ந்தார். "என்னாச்சுக்கா?"

"என் பொண்ணு ரூம்ல என்ன நடக்குதுன்னு இங்கே உக்காந்து பாக்கறியா?"

காத்திருந்தவர்களில் ஒருவர் மெல்ல எழுந்தார். "என் போனைக் குடுங்க. வேற இடத்துல பாத்துக்கறேன்" என்று கையை நீட்டி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கடைக்காரர் முகம் வெளுத்துவிட்டது. லேப்டாப்பை வாங்கித் திறந்தார். எதையெதையோ தட்டிப் பார்த்தார். சட்டென்று அவர் விரல் நின்றது. திரையைப் பார்த்தார். அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒண்டி நின்ற பெண்ணைப் பார்த்தார்.

"யார் அங்கிள் என்னைப் பாத்தது?" அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

கடைக்காரர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"யாரும் பாக்கலை பாப்பா. தப்பு என்னுதுதான். கடையிலேருந்தே சரிபாக்கறதுக்கு ஒரு புரோகிராம் போட்டேன். எடுக்க மறந்துட்டேன். அது தானா ஓடிட்டிருந்திருக்கு. இந்தப் பக்கம் மனுஷங்களே இல்ல."

"நிஜமாவா?"

"நிஜமா. இப்பவே எடுத்துடறேன். இனிமே எரியாது."

மகள் பெருமூச்சு விட்டாள். ஒரு வாரத்துக்குப் பிறகு இப்போதுதான் அவள் முகத்தில் உயிர் வந்தது.

அம்மா விடுவதாக இல்லை. "மறந்துட்டானாம், மறந்து! ஒரு வாரமா என் பிள்ளை தூங்கலைய்யா!" என்று தெருவுக்கே கேட்கும்படி பிடி பிடியென்று பிடித்தாள். கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டார். காத்திருந்த இன்னொருவரும் நழுவினார்.

"நீ போய் வண்டிகிட்ட நில்லுடி" என்று மகளை அனுப்பிவிட்டு அம்மா போனை எடுத்தாள். "இப்பவே அவரைக் கூப்பிடறேன். போலீஸோட வருவார். நாளைக்கு நீ கடை திறக்கறதைப் பாக்கறேன்."

நம்பரை அழுத்தினாள்.

"ஒரு நிமிஷம்க்கா."

பெண் வண்டியருகே போய் நின்றுவிட்டாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு, கடைக்காரர் லேப்டாப்பை அம்மா பக்கம் திருப்பினார்.

"இந்தப் புரோகிராமை நான் போடலைக்கா. இங்கேருந்து வாங்கிட்டுப் போனப்புறம் போட்டிருக்காங்க. எந்தப் போன்லேருந்து பாக்கறாங்கன்னு இதுலயே காட்டுது."

திரையில் ஒரு நம்பர். மனப்பாடமாகத் தெரிந்த நம்பர். பக்கத்தில் சின்னதாக ஒரு படம். அவள் கணவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஹலோ... ஹலோ, சொல்லு" என்றது காதில் வைத்திருந்த போன்.

போனைக் கட் செய்தாள்.

"பாப்பா படிக்கிறாளான்னு பாக்கத்தான் போட்டிருப்பார். வேற ஒண்ணும் இருக்காதுக்கா" என்றார் கடைக்காரர்.

"அப்புறம் நீங்க ஏன் தம்பி... அத்தனை பேர் முன்னாடி பழியை ஏத்துக்கிட்டீங்க?"

"என் மேல நம்பிக்கை போனா பாப்பா வேற கடைக்குப் போயிடும்க்கா. அப்பா மேல போனா எந்த வீட்டுக்குப் போகும்?"