ஐந்தாவது கையெழுத்து

"நாலு பேரு போட்டா ஆச்சா தம்பி? அஞ்சாவது கையெழுத்து என்னோடது. நான் போட மாட்டேன்!"

சொல்லிவிட்டு ஆனந்தவல்லி மடியில் கிடந்த பேண்டேஜ் துணியைச் சுருட்ட ஆரம்பித்தாள். ராஜபாளையத்தில் வீட்டுக்கு வீடு நடக்கிற வேலை. யார் வந்தாலும், என்ன பேசினாலும் கை நிற்காது.

எதிரே நாற்காலியில் இருந்த இன்ஜினியர் ராம்குமார் வரைபடத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் ஆனந்தவல்லியின் முன்னோர் கட்டிய கல் சத்திரம், கூரை சரிந்து, வேலிக்கருவை மண்டி, நாற்பது வருடமாக நாதியற்றுக் கிடந்தது. அதைச் சுண்ணாம்பும் கடுக்காயும் கொண்டு பழைய முறையிலேயே புதுப்பித்து, செண்பகத்தோப்புக் காட்டைப் பார்க்க வருகிறவர்கள் தங்கிப் போகச் சுற்றுலாத் துறை ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. அவளுடைய அண்ணன் தம்பிகள் நால்வரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். வரைபடத்தை விரித்து அதைத்தான் ராம்குமார் சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஏம்மா, சத்திரம் நல்லா வாரது உங்களுக்குப் பிடிக்கலையா?"

"பிடிக்காம என்ன? அது எழுந்து நிக்கணும்னு நான் வேண்டாத சாமி இல்ல. ஆனா இந்தப் படத்துல என்ன போட்டிருக்கு? எட்டு ஏ.சி. ரூமு, ஒரு காபிக்கடை. கக்கூசு, ரூமெடுத்துத் தங்குறவியளுக்கு மட்டும். ஆடிப்பூரத் தேருக்குத் தேவதானத்துல இருந்து நடந்து வார பொம்பளைக எங்க போவாளுக?"

அவன் வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தான்.

"நானும் வருஷா வருஷம் நடந்தவதான். வழியில ஒதுங்க எடமில்லைன்னு, தவிச்ச வாய்க்குத் தண்ணி குடிக்காம நடப்போம். ஒரு வருஷம் என்கூட வந்த மாரிக்கனி ரோட்டுலயே மயங்கி விழுந்துட்டா. கையில மூணு மாசக் குழந்தை வேற. வழிப்போக்கருக்கு எடமிருந்தாத்தான்யா அது சத்திரம். இல்லைன்னா அது லாட்ஜு!"

"சரி, என்ன வேணும்னு எழுதிக் குடுங்க" என்று பேனாவை நீட்டினான் ராம்குமார்.

ஆனந்தவல்லி எழுதினாள். சாலையைப் பார்த்த வாசலோடு பெண்களுக்கு நான்கு கழிப்பறை. நடந்து வருகிறவர்கள் காசில்லாமல் படுத்து எழ ஒரு கூடம். ஒரு குடிதண்ணீர்க் குழாய்.

"மேல அனுப்புறேன். என்ன சொல்லுவாகன்னு தெரியாது" என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

பைக் தெரு முனை திரும்புவதற்குள் உள்ளேயிருந்து அவள் கணவர் சோலைச்சாமி வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"ஏட்டி, உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? உனக்கு ஏது அஞ்சாவது கையெழுத்து? இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தியே விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்துட்டியே!"

அது உண்மைதான். பிறந்த வீட்டுச் சொத்தில் இனி எனக்குப் பங்கில்லை என்று எழுதிக் கொடுத்த பத்திரம். வயலும் வீடும்தான் அதில் இருப்பதாக அண்ணன் தம்பிகளுக்கு ஞாபகம். கடைசி வரியில் இடிந்த சத்திரமும் சேர்ந்திருந்ததை, அன்றைக்குப் படித்துப் பார்த்தவள் ஆனந்தவல்லி ஒருத்திதான். அவள் சொல்லித்தான் சோலைச்சாமிக்கும் தெரியும்.

"அந்தத் தம்பிக்கு அது தெரியாதுல்ல?"

"தெரிஞ்சா மோசடி கேசுட்டி! எம்புட்டுப் பேரை நானே உள்ள தள்ளியிருக்கேன்!"

"தள்ளட்டும். உள்ளயாவது கக்கூசு இருக்கும்ல."

வாய்தான் அப்படிச் சொன்னது. அன்றிலிருந்து தெருவில் பைக் சத்தம் கேட்டாலே துணி சுருட்டுகிற கை நின்றுவிடும். ஜெயிலுக்குப் போவதை விட, குட்டு உடைந்து அந்த நாலு கழிப்பறையும் இல்லாமல் போய்விடுமே என்பதுதான் பெரிய பயம்.

பத்தாம் நாள் ராம்குமார் புது வரைபடத்தோடு வந்தான். கூடவே முத்திரை வைத்த உத்தரவு. ஆனந்தவல்லி துணியை ஒதுக்கி வைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்தாள். கழிப்பறை நான்கு. கூடம். குழாய். ஒன்றுகூட விடுபடவில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆட்சேபம் இல்லைன்னு இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா."

போட்டாள். போட்ட பிறகு பேனாவைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. வெயிலில் அலைந்து கருத்துப் போயிருந்த அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க உறுத்தியது. நல்ல பிள்ளையை ஏமாற்றிவிட்டோமே!

"தம்பி, செத்த நேரம் உக்காருங்க. உங்ககிட்ட ஒரு விஷயத்தை மறைச்சுட்டேன். அந்தச் சத்திரத்துல எனக்கு..."

உள்ளே சோலைச்சாமிக்குப் பயங்கரமாக இருமல் வந்தது.

"சொல்லாதீங்கம்மா!" ராம்குமார் அவசரமாகக் கையை உயர்த்தினான். "நீங்க வாயால சொல்லிட்டா நான் ஃபைல்ல எழுதியாகணும்."

ஆனந்தவல்லி திகைத்துப் போய் அவனைப் பார்த்தாள். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"உங்க பத்திரத்தை இங்க வாரதுக்கு முந்தியே பாத்துட்டேன். ஒரு மரியாதைக்குத் தகவல் சொல்லிட்டுப் போகலாம்னுதான் அன்னைக்கு வந்தேன். நான் கையெழுத்தே கேக்கலையே, நீங்கதானே மாட்டேன்னீங்க? பொம்பளைகளுக்குக் கழிப்பறை வேணும்னு நானே மூணு தடவை மேல எழுதினேன், மூணு தடவையும் 'அவசியமில்லை'ன்னு திரும்பி வந்துச்சு. 'வாரிசு ஒருவர் ஆட்சேபம்'னு உங்க தாளைச் சேத்து அனுப்பினேன் பாருங்க, பத்தே நாள்ல உத்தரவு வந்துருச்சு!"