செக்கின் பின்னால் ஒரு வாரம்

ஆழ்வார்பேட்டை வங்கிக் கிளையில் மேலாளர் வைதேகியின் எதிரே, இடப்பக்கம் செக் ஸ்கேன் செய்யும் பாலுவும், வலப்பக்கம் கையெழுத்து சரிபார்க்கும் ஜாஸ்மினும் உட்கார்ந்திருந்தார்கள்.

வேலை எங்கே தேங்குகிறது என்று அளந்து பார்க்கும் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் முறையில் ஆராய்ந்து, செக்கைத் தாமதப்படுத்துபவரை ஆவடிக்கு மாற்றும்படி தலைமை அலுவலகத்தின் உத்தரவு.

"பேரை எழுதிட்டேன்" என்றார் வைதேகி.

"நான்தானே மேடம்?" என்று கேட்டாள் ஜாஸ்மின். "பாலுவுக்கு அரை நிமிஷம், எனக்கு ரெண்டு நிமிஷம் ஆவுது. கைக்கொழந்தைய விட்டுட்டு பட்டினப்பாக்கத்துலேர்ந்து ஆவடிக்கு எப்படிப் போவேன்?"

"இரு அக்கா! மேடம் ஒரு வாரமா வாட்ச்சும் கையுமா சுத்திக்கினு இருந்தாங்க. நானா கூட இருக்கும்" என்றான் பாலு.

"நான் ஆளுக்கு நேரம் பார்க்கலை, செக்குக்குப் பார்த்தேன். உங்க ரெண்டு பேர்கிட்டயும் மூணு நிமிஷம்கூட நிக்கலை. அடுத்த மேசையில மூணு மணி நேரம் கிடக்குது. நூறு செக் சேர்ந்தாத்தான் அங்கே கையெழுத்து."

ஜாஸ்மின் திகைத்தாள். "அது உங்க மேசையாச்சே மேடம்!"

"ஆமா. அந்தப் பழக்கத்தை நேத்தே விட்டுட்டேன்."

"விட்டாச்சுல்ல? அப்பால இன்னாத்துக்கு மேடம் நீங்க போவணும்?"

"ஒருத்தர் போயே ஆகணும்னு கேட்டிருக்காங்க பாலு. என் பேரை எழுதலேன்னா உங்கள்ல ஒருத்தர் பேரை அவங்களே எழுதிடுவாங்க."

வைதேகி கடிதத்தை உறையிலிட்டு ஒட்டி, வாசலில் நின்ற கூரியர்காரரிடம் தானே போய்க் கொடுத்தார்.